ஒரே அப்பம், எத்தனை பந்தி?

எங்கள் பக்கத்துச் சபைகளில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள் அசனம் என்ற பொது விருந்து. முந்தின இரவே கோயில் வளாகத்தில் குழி வெட்டி அடுப்பு மூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு அரிசி, இத்தனை தேங்காய் என்று சபையார் கொண்டுவந்து கொடுப்பதெல்லாம் ஒரே குவியலாகும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டி ஆறவிடுவார்கள். விடியற்காலையில் அதிலிருந்து எழும் ஆவி கோயில் சுவர் வரைக்கும் படரும். சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபம் செய்த பிறகுதான் முதல் கரண்டி. யார் வீட்டு அரிசி யார் இலையில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

என் பாட்டி இதைப் பற்றி ஒரு செய்தி சொல்வார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், ஊரின் கடைசித் தெருக்காரர்கள் பந்தியில் உட்கார மாட்டார்களாம். அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அதே சபையின் பதிவேட்டில் பேர் உள்ளவர்கள், அரிசியும் கொடுத்தவர்கள். பந்தியெல்லாம் முடிந்த பிறகு தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போவார்கள். “அவங்களுக்கு அதுதான் வசதி” என்று பெரியவர்கள் சொல்வார்களாம். பாட்டி இதைக் கோபமாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கங்களில் ஒன்றாகத்தான் சொன்னார். எனக்கோ அந்தத் தூக்குவாளி நினைவை விட்டு அகலவே இல்லை. வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற மனிதரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதை வைத்துக்கொண்டேதான் படிக்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1919ஆம் ஆண்டு மே 1, 2 தேதிகளில் தொடங்குவார்கள். தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்ட நாட்கள் அவை. 31 பேர் இந்தியர்கள். மற்ற இருவரில் ஒருவர் அமெரிக்கர், ஒருவர் ஆங்கிலேயர். கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர் தோர்ணக்கல் பேராயர் அசரியா. தென்னிந்திய ஐக்கிய சபையின் சந்தியாகு ஐயரும் உடன் நின்றார்.

எந்த வேளையில் கூடினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் உலகப்போர் ஓய்ந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை. 1918இன் விஷக்காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போயிருந்தது. ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொதித்துக்கொண்டிருந்தது. ஜாலியன் வாலாபாக்கில் மக்களைச் சுட்டுக் கொன்ற ஏப்ரல் 13க்கும் தரங்கம்பாடிக் கூட்டத்துக்கும் இடையே மூன்று வாரம்கூட இல்லை. போர் இன்னொரு பாடத்தையும் புகட்டியிருந்தது. ஜெர்மானிய மிஷனெரிகளை அரசு சிறைவைத்தது, நாடு கடத்தியது. பல தலைமுறைகளாக ‘துரைமார்’ நடத்திவந்த சபைகள் ஒரே நாளில் மேய்ப்பன் இல்லாமல் நின்றன. கிறிஸ்தவ நாடுகள் என்று பேர் வாங்கியவை ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்ததை நம் ஊர் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சமாதானப் பிரபுவைப் பற்றிப் பேச எந்த முகம் இருந்தது?

அந்த 33 பேரும் சொன்னதன் சாரம் இது. இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் ஏற்றினார்கள், இவற்றைத் தொடர்ந்து சுமக்க எங்களுக்கு விருப்பமில்லை.

அது எவ்வளவு உண்மை என்பது அன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். மிஷன்கள் ஒன்றின் எல்லையில் ஒன்று நுழைவதில்லை என்று தங்களுக்குள் பேசி ஊர்களைப் பங்கு போட்டிருந்தன. நாகர்கோவில், நெய்யூர் பக்கம் லண்டன் மிஷன். மதுரையில் அமெரிக்க மிஷன். ஆற்காடு, வேலூர்ப் பக்கம் இன்னோர் அமெரிக்க மிஷன். மன்னார்குடியில் வெஸ்லியன் மெதடிஸ்டு. தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் லுத்தரன். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன், அதிலும் இரண்டு மிஷனெரி சங்கங்கள். மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் சி.எம்.எஸ்., நாசரேத்தும் இடையன்குடியும் எஸ்.பி.ஜி. ஒரே பேராயரின் கீழ் இருந்த இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்த்ததைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். ஒருவர் பிரெஸ்பிட்டேரியனா மெதடிஸ்டா என்பதை அவருடைய மனசாட்சி முடிவு செய்யவில்லை. பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார் என்பது முடிவு செய்தது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இரத்தம் சிந்தி வாங்கிய பிரிவினைகள் இங்கே தாலுகா எல்லைகளாக மாறிவிட்டன. பிழைப்புக்காக இன்னோர் ஊருக்குக் குடிபோனவர் அங்குள்ள கோயிலில் திருவிருந்துக்கு முன்வரும்போதுதான், தாம் வேறு சபை என்பதையே தெரிந்துகொண்டார்.

இந்த அளவுக்குத் தரங்கம்பாடி அறிக்கை நியாயமானது. ஆனால் எல்லாப் பிரிவினையும் கப்பல் ஏறி வந்தது என்று சொல்லிவிட முடியுமா? அவர்கள் கூடிய ஊரே வேறு சாட்சி சொல்கிறது. 1706 ஜூலையில் மிஷனெரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் கரையிறங்கிய ஊர் அது. 1718இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் இன்றும் அங்கே நிற்கிறது. தொடக்க காலத்திலிருந்தே அதற்குள் சாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்கார வைத்தார்கள். மிஷனெரிகளை அனுப்பிய டேனிஷ் அரசரோ ஹாலே நகரமோ அந்த வழக்கத்தை அனுப்பிவைக்கவில்லை.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைக்குள்ளிருந்து உடனே முழுவதுமாக அகற்ற வேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். தஞ்சையிலும் பிற இடங்களிலும் சபையார் பலர் அதை ஏற்காமல் வெளியேறினார்கள். எதிர்த்து நின்றவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது, அப்படி இருக்காது என்று நம்ப விரும்பினேன். இருந்திருக்கிறது. பெரிய பக்தர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் கண் மறைத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் நம் சபை வரலாற்றை எழுத முடியாது.

கத்தோலிக்கர் பக்கம் திரும்பினால் வடக்கன்குளம். பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனித்தனிக் கூடங்களாகக் கோயிலையே கட்டி, நடுவே சுவரும் வைத்திருந்தார்கள். வெள்ளாளர் ஒரு புறம், நாடார் மறுபுறம். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அதே 1910இல்தான் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் 35 வயது அசரியா ஏறினார். அவர் பிறந்த வெள்ளாளன்விளையும் வடக்கன்குளமும் ஒரே திருநெல்வேலிச் சீமை. நாடார் குடும்பம், தகப்பனார் கிராமத்துக் குருவானவர். அந்த மேடையில் அவர் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து நேராகவே பேசினார். நீங்கள் தியாகம் செய்தீர்கள், பொருள் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள். எங்களுக்கு இப்போது வேண்டியது அன்பு, எங்களோடு நண்பர்களாகப் பழகுங்கள் என்பது பேச்சின் உச்சம். கூடியிருந்த பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரே ஊழியத்தில் பல ஆண்டு சேர்ந்து உழைத்தும் முதலாளி, வேலைக்காரன் என்ற முறையிலேயே பழகும் இடத்தில் ஐக்கியம் என்ற சொல்லுக்குப் பொருள் ஏது என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்விக்குள் எனக்குக் கேட்பது தூக்குவாளியின் சத்தம். யார் யாரோடு சரிசமமாக உட்காருகிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்த இடம்.

அவரை இந்த வழிக்குத் திருப்பியதில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. 1902இல் அங்கே போனபோது, தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். நம் சபையால் ஏன் முடியாது என்று கேட்டுத் திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் கிடையாது, வெளிநாட்டுத் தலைமை கிடையாது. அந்தச் சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலைத் தேர்ந்தெடுத்தது. அடுத்தவரை அனுப்பிவிட்டு ஊரில் இருக்க மனம் வராமல், 1909இல் அவரே அங்கே குடிபோனார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

தோர்ணக்கலில் அவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலரும் மாதிகரும். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள், தங்களுக்குள்ளும் விலகி இருந்தவர்கள். அவர்களை ஒரே மன்றாட்டுப் பலகையின் முன் முழங்கால்படியிட வைப்பது எவ்வளவு கடினம் என்பது கிராமத்துச் சபை தெரிந்தவர்களுக்குப் புரியும். திருவிருந்தில் கிண்ணம் ஒன்று. ஐயர் அதை ஒருவர் உதட்டில் வைத்து, துணியால் விளிம்பைத் துடைத்து, அரைத் திருப்புத் திருப்பி அடுத்தவருக்கு நீட்டுவார். அந்த அரைத் திருப்பில்தான் சாதி முழுக்க நின்றுகொண்டிருக்கும். யாருக்குப் பிறகு யார் குடிப்பது? ஐக்கியத்தைப் பற்றி மேல்நாட்டு அறிஞர்கள் எழுதிய தடித்த புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அசரியாவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் கேள்வி. அதனால்தான் 1927இல் லோசான் மாநாட்டில், உங்கள் நாடுகளில் ஐக்கியம் விரும்பத்தக்க ஒன்றாக இருக்கலாம், எங்கள் சபைக்கு அது உயிர் மூச்சு என்ற பொருளில் அவரால் பேச முடிந்தது.

ஆனால் 1930களில் ‘ஐக்கியம்’ என்ற சொல்லுக்கு வேறொரு விலையும் கூடியிருந்தது. தலைக்கணக்கு அரசியலின் காலம் அது. எத்தனை பேரோ அத்தனை இடம். வட்டமேசை மாநாட்டில் சேலத்துக்காரர் கே.டி. பால், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று நின்றார். ஏ.டி. பன்னீர்செல்வம் வேண்டும் என்றார். பன்னீர்செல்வத்தின் அச்சத்தைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. சிறுபான்மையாக இருப்பவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனாலும் அசரியா எடுத்த நிலைதான் சரி என்று நினைக்கிறேன். 1932இல் தனித் தொகுதி வழங்கியபோது அவர் எதிர்த்தார். சபை தன்னை ஓர் அரசியல் சாதியாக்கிக்கொண்டால், எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும் கூட்டுறவாக அது இனி இருக்க முடியாது என்பது அவர் கவலை. கதவடைத்துக்கொண்டு உள்ளே ஒற்றுமையாக இருப்பது எந்தச் சாதிக்கும் கைவந்த கலை. அதற்குக் கிறிஸ்து வரவேண்டியதில்லை.

காந்தியோடும் அவருக்குப் பெரிய உரசல் உண்டு. ஒடுக்கப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி கடுமையாக எதிர்த்தார். தனித் தொகுதியை மறுப்பதில் இருவரும் ஒரே பக்கம், மதம் மாறும் உரிமையில் எதிரெதிர்ப் பக்கம். தேசம் ஒன்றாக வேண்டும் என்பதற்காகத் தாழ்த்தப்பட்டவன் தன் மனசாட்சியை அடகு வைக்க வேண்டும் என்று கேட்பதை அசரியா ஏற்கவில்லை.

1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அதையொட்டி அசரியாவின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் ஒரு சந்திப்பைக் குறிப்பிடுவதுண்டு. எங்கள் மக்கள் இந்தியா முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் ஒரே கூட்டமாக இருக்கிறார்கள். கிறிஸ்தவராக வந்தால் எங்கே இருந்தாலும் ஒரே சபையில் இருப்போமா, அல்லது ஊருக்கொரு சபையாகப் பிரிந்துபோவோமா என்று அம்பேத்கர் கேட்டாராம். அசரியாவிடம் பதில் இல்லை. அவமானத்தால் தலைகுனிந்ததாகச் சொல்வார்கள். இந்த நாட்டின் கிறிஸ்தவ வரலாற்றில் இதைவிடக் கனமான கேள்வியை வெளியிலிருந்து யாரும் கேட்டதில்லை என்பேன். 1956இல் அம்பேத்கர் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். அதற்குக் காரணங்கள் பல. நம் சபைகளின் பிரிவினை அவற்றில் ஒன்றாக இருந்திருந்தால், அந்தக் கணக்கை நாம்தான் ஒப்புவிக்க வேண்டும்.

தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சுவார்த்தை 28 ஆண்டு இழுத்தது. சிக்கலெல்லாம் பேராயர் பதவியில். அப்போஸ்தலர் காலம் தொட்டுக் கைவைப்பால் தொடர்ந்து வருவதாக ஆங்கிலிக்கர் நம்பும் அந்தப் பதவி இல்லாத சபைகளில் பட்டம் பெற்ற ஐயர்மாரை என்ன செய்வது? மறுபடி பட்டம் கொடுத்தால், இதுவரை அவர்கள் கொடுத்த திருவிருந்து செல்லாது என்று சொன்னதாகும். கடைசியில் கண்ட வழி பொறுமையின் வழி. இருப்பவர்களை இருக்கிறபடியே ஏற்பது, இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்கு மட்டும் பேராயரின் கைவைப்பு, 30 ஆண்டில் இரண்டும் தானாக ஒன்றாகிவிடும். இங்கிலாந்தில் ஒரு சாரார் இதைப் பொறுக்கவில்லை. கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இதை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதினார். தெற்கே ஒரு சேகரத்தில் பத்துக் கிராமத்துக்கு ஓர் ஐயர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த காலத்தில், லண்டனில் அவருடைய பட்டம் செல்லுமா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கொள்கை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பசித்தவன் இலை முன்னால் காத்திருக்கிறான் என்ற நினைப்பும் வேண்டும்.

அசரியா முடிவைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் இறந்தார். அந்த மாதமே ஆங்கிலிக்கன் சபையின் பொது மன்றம் இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. மெதடிஸ்டுகள் முன்னமே இசைந்திருந்தார்கள், தென்னிந்திய ஐக்கிய சபை மறு ஆண்டு இசைந்தது. லுத்தரன் சபை சேரவில்லை. அறிக்கை பிறந்த தரங்கம்பாடி மண் இன்றும் வேறு சபையின் ஊர்.

1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயம். விடுதலை கிடைத்து ஆறு வாரம். பஞ்சாபில் இரயில்கள் பிணங்களைச் சுமந்து வந்துகொண்டிருந்தன. மதத்தின் பேரால் ஒரு நாடு இரண்டாகி, அயல்வீட்டார் அயல்வீட்டாரை வெட்டிய அதே நாட்களில், திருவிதாங்கூர்ப் பேராயர் சி.கே. ஜேக்கப் மூன்று சபைகளும் இனி ஒன்று என்று பீடத்தின் முன் நின்று அறிவித்தார். அன்றைக்கே ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். மதுரை–இராமநாதபுரத்துக்கு லெஸ்லி நியூபிகின், யாழ்ப்பாணத்துக்கு சபாபதி குலேந்திரன். புதிதாகப் பிறந்த ஒரு தேசத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி, கடலுக்கு அப்பாலும் ஒரே திருச்சபையாக இருந்தார்கள். பின்னால் இலங்கையில் போர் மூண்டு இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்தே அற்றுப்போன ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத் திருமண்டலம் தென்னிந்தியத் திருச்சபையின் உறுப்பாகவே நீடித்தது. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆங்கிலிக்கரும் ஆங்கிலிக்கர் அல்லாதாரும் ஒரே சபையாக இணைந்தது உலகத்தில் அதுவே முதல் முறை, அதை நம்மவர்கள் செய்தார்கள்.

தனித் தொகுதி வேண்டாம் என்ற அசரியாவின் மனம் அரசியல் நிர்ணய சபையிலும் வெளிப்பட்டது. சிறுபான்மையினர் குழுவின் தலைவராக இருந்த எச்.சி. முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். 1949இல் கிறிஸ்தவர்களுக்கான ஒதுக்கீட்டு இடங்களை விட்டுக்கொடுப்பதில் அவர் முன்னால் நின்றார். ஆனால் 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பிறகு சீக்கியருக்கும் பௌத்தருக்கும் கதவு திறந்தது, தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். மேல்தட்டுக் கிறிஸ்தவர் விட்டுக்கொடுத்தது சட்டமன்ற இடம். கீழே இருந்தவர் இழந்தது படிப்பும் வேலையும். பெருந்தன்மையின் சுமை ஒரே தோளில் ஏறவில்லை.

சபைக்குள் நிலைமை எப்படி? ஒரே ஜெபப்புத்தகம் வந்துவிட்டது. மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல் என்ற பேர்கள் இளையவர்களுக்குத் தெரியாது. 30 ஆண்டுத் திட்டம் பலித்துவிட்டது. கப்பலில் வந்த பிரிவினைகள் கரைந்துபோயின. கப்பல் வருவதற்கு முன்னமே இருந்தவை கரையவில்லை. திருமண்டலத் தேர்தல் வந்தால் யார் எந்தச் சாதி என்ற கணக்கு ஜெபக்கூட்டத்திலேயே ஓடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் யாருக்கு என்று சொல்லாமலே தெரிந்திருக்கும் ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். இணைப்பை வரைந்த பெரியவர்கள் பேராயர் பதவிக்கு 30 ஆண்டு இடைக்காலம் குறித்தார்கள். பந்திக்கு எந்தக் காலமும் குறிக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் வந்தவர்களிடம் அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று நம்பியிருப்பார்கள். கேட்டிருக்க வேண்டும். பட்டத்துக்குக் காட்டிய கவனத்தில் பாதியைக் கிண்ணத்தின் அந்த அரைத் திருப்புக்குக் காட்டியிருந்தால், அசரியா தோர்ணக்கலில் தொடங்கியது நம் ஊர்களிலும் வேர் பிடித்திருக்கும்.

எங்கள் ஊர் அசனத்தில் இப்போது எல்லாருக்கும் ஒரே பந்தி. கடைசித் தெருப் பையன்கள்தான் சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் பரிமாறுகிறார்கள். போன பண்டிகைக்கு, கூட்டம் குறைந்த பிறகு கோயில் மதில் ஓரமாக ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குவாளி. “வாங்க பெரியப்பா, இலை போட்டிருக்கு, உக்காருங்க” என்றேன். என் பாட்டியின் பேரன் என்று அவருக்குத் தெரியும். சிரித்தார்.

“இருக்கட்டும்யா. இத்தனை வருசம் பழகிப்போச்சு.”

மறுபடியும் கூப்பிட்டேன். அவர் வாளியின் மூடியைத் திறந்து நீட்டினார். பரிமாறிக்கொண்டிருந்த அவருடைய பேரன் கூடையோடு அப்படியே நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.